காதில் கொய்ங் வந்த பிறகு என் ஆல்பம் பட்டியல்

நண்பர்கள் சேர்ந்தால் எங்களுக்குள் முதலில் வரும் கேள்வி, "இப்ப என்ன ஆல்பம் ஓடுது?" என்பதுதான். ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்போம். ஏன் பிடித்தது, எந்த இடத்தில் புல்லரித்தது, எந்தப் பாட்டைத் தாண்டிவிட்டுக் கேட்க வேண்டும் என்று மணிக்கணக்கில் பேச்சு நீளும். சமீபத்தில் என் பட்டியலைக் கேட்ட ஒருவர், "என்னப்பா, இவ்வளவு சாதுவாகிட்டே? லிஸ்ட்ல டிரம்ஸே காணோமே" என்று கிண்டலடித்தார். ரசனை முதிர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் காரணம் வேறு. என் இடது காதில் இரவும் பகலும் ஒரு 'கொய்ங்' ஓடிக்கொண்டிருக்கிறது. காது இரைச்சல், டாக்டர்கள் பாஷையில் டின்னிடஸ். அது வந்த புதிதில் யாரிடமும் சொல்லாமல், என்ன செய்வதென்று தெரியாமல், தனியாக அல்லாடினேன். நாள் வீணானது, பணம் போனது, அதைவிடப் பெரிதாகப் பல மாதங்கள் இசையே இல்லாமல் போனது. இந்தக் கடைசி நஷ்டம் தேவையே இல்லாதது என்று பிற்பாடு தெரிந்தபோது வந்த எரிச்சல்தான் இதை எழுத வைக்கிறது.

நான் ஆல்பத்தை முழுதாகக் கேட்கும் ஜாதி. முதல் பாட்டில் உட்கார்ந்தால் கடைசிப் பாட்டு முடிந்துதான் எழுவேன். பயணத்தில் இயர்போன், வேலையில் ஹெட்போன், வீட்டில் ஸ்பீக்கர் என்று நாளின் பெரும்பகுதி ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். வால்யூம் எவ்வளவு என்று யோசித்ததில்லை. யோசிக்கவும் யாரும் சொன்னதில்லை. புது ஹெட்போன் வாங்கும்போது பேஸ் எப்படி, பேட்டரி எத்தனை மணி நேரம் என்று ஆயிரம் விமர்சனம் படிப்போம். அது காதுக்குள் எத்தனை டெசிபல் சத்தம் தள்ளுகிறது என்று ஒருவரும் எழுதுவதில்லை.

பிறகு ஒரு ராக் கச்சேரி. கூட்டத்தோடு கூட்டமாக முன்னால் போய், மேடைக்கு இடப்புறம் அடுக்கியிருந்த ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். அருமையான இரவு, அதை மறுக்க மாட்டேன். வெளியே வரும்போது காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி எல்லாம் மந்தமாகக் கேட்டது, மேலே ஒரு மெல்லிய விசில். கச்சேரிக்குப் போய் வந்தால் இப்படி ஆவது வழக்கம்தானே என்று தூங்கிவிட்டேன். காலையில் மந்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. விசில் குறையவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உரத்த சத்தத்துக்குப் பிறகு வரும் அந்த மந்தம் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் விலகிவிடும். விலகிவிடுவதாலேயே நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அது காது தரும் முதல் எச்சரிக்கை. உள்காதில் ஒலியை உணரும் மயிர் செல்கள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது வந்ததுதான், மனிதர்களுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. இரண்டு மூன்று நாளாகியும் இரைச்சலோ மந்தமோ போகவில்லை என்றால் டாக்டரிடம் போய்விடுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ, தலை சுற்றலோடு சேர்ந்து வந்தாலோ அந்த இரண்டு மூன்று நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. திடீர்க் காது மந்தத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்குப் பலன் அதிகம். நாடித் துடிப்போடு ஒத்துப்போகும் 'டப் டப்' சத்தமாக இருந்தால் அது வேறு கணக்கு, ரத்தக் குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அதையும் உடனே காட்ட வேண்டும்.

நான் போனேன். போன இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "காது சுத்தமாத்தான் இருக்கு, அழுக்குகூட இல்லை. போகப் போகச் சரியாயிடும்" என்று ஒரு சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கேட்கும் திறனைச் சோதிக்கவே இல்லை. சோதனை என்று ஒன்று இருப்பது எனக்கும் தெரியாது. செவிப்பறை வரைக்கும்தான் டார்ச் வெளிச்சம் போகும். பாதிப்பு அதற்கும் உள்ளே, நத்தைக் கூடு போன்ற காக்ளியாவில். அதனால் காதில் இரைச்சல் என்று போனால், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் சோதனை எடுக்க எழுதித் தாருங்கள் என்று நீங்களே கேட்டுவிடுங்கள். கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. எனக்குத் தேவைப்பட்டது திடீர் மந்தத்துக்கான சிகிச்சை இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. தேவைப்பட்டிருந்தால், அதற்குரிய நாட்களையெல்லாம் அந்தச் சொட்டு மருந்திலேயே தொலைத்திருப்பேன்.

இரவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகலில் சுற்றுச் சத்தத்தில் அமுங்கிக் கிடக்கும் இரைச்சல், விளக்கை அணைத்ததும் முழு உருவம் எடுத்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்துவிடும். காதைப் பொத்தினால் இன்னும் பெரிதாகும். தூக்கம் போனது, அதோடு பொறுமையும். இனி ஆயுசுக்கும் இப்படித்தானா என்ற நினைப்பு வந்ததும் வயிற்றில் புளியைக் கரைக்கும். எழுந்து உட்கார்ந்து போனில் தேடுவேன். தேடத் தேடப் பயம்தான் வளர்ந்தது. வெளியில் பார்க்க எனக்கு ஒன்றுமே இல்லை என்பதால் யாரிடம் சொன்னாலும், "அவ்வளவுதானா? கண்டுக்காம விடு" என்றுதான் பதில் வந்தது. அவர்கள் சொன்னது கடைசியில் பாதி உண்மைதான். ஆனால் கண்டுகொள்ளாமல் இருப்பது எப்படி என்பதை யாரும் சொல்லவில்லை.

அந்த மனநிலையில் இருப்பவர்களிடம் எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம். நானும் வாங்கினேன். ஜிங்கோ பிலோபா மாத்திரை, துத்தநாக மாத்திரை, 'நரம்புக்கு' என்று ஒரு பவுடர், குறிப்பிட்ட அதிர்வெண்ணைக் கேட்டால் இரைச்சல் அழிந்துவிடும் என்று மாதச் சந்தா வாங்கிய ஒரு ஆப். எல்லாம் சேர்த்து ஒரு நல்ல ஹெட்போனும் அதற்கொரு ஆம்ப்ளிஃபையரும் வாங்கியிருக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலேயே, தொந்தரவு தரும் காது இரைச்சலுக்கு ஜிங்கோ, மெலடோனின், துத்தநாகம் போன்ற துணை மாத்திரைகளைப் பரிந்துரைக்காதீர்கள் என்று தெளிவாக இருக்கிறது. அதே ஆவணம் பரிந்துரைப்பது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை. இரைச்சலைப் பார்த்து மனம் பதறுவதைப் பழக்கி மாற்றும் உளவியல் பயிற்சி அது. காது கேட்பது குறைந்திருந்தால் கேட்புக் கருவியைப் பரிசீலிக்கச் சொல்கிறது. இந்த ஒரு பத்தியை முன்னால் படித்திருந்தால் போதும், என் பணம் தப்பியிருக்கும். இன்னொன்று, ஆஸ்பிரினை அதிக அளவில் எடுத்துக்கொண்டாலே காது இரையும். வேறு நோய்க்கு நீங்கள் எடுக்கும் மாத்திரைகளையும் டாக்டரிடம் ஒரு வரி சொல்லி வையுங்கள்.

கடைசியில் வேறொரு டாக்டர்தான் ஆடியோகிராமுக்கு அனுப்பினார். அந்தச் சின்ன அறையின் கதவு மூடியதும் உலகமே அணைந்துவிட்டது. என் கொய்ங் மட்டும் அறை முழுக்க நின்றது. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்துங்கள் என்றார்கள். தாழ்ந்த சுருதிகள் சுலபமாகப் போயின. மேலே போகப் போக, கேட்பது வெளியிலிருந்து வரும் பீப் ஒலியா, என் காதே எழுப்பும் விசிலா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு கட்டத்தில் கண்ணாடிக்கு வெளியே சோதனை செய்பவரின் கை குமிழைத் திருப்புவது தெரிகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மீண்டும் திருப்புகிறார், இன்னும் இல்லை. அந்தச் சில நொடிகளை மறக்க முடியாது. வரைபடம் கைக்கு வந்தபோது வலது காதின் கோடு சமமாகப் போனது, இடது காதின் கோடு, சுருதியை அளக்கும் ஹெர்ட்ஸ் கணக்கில் 4000 பக்கம் பள்ளத்தில் விழுந்து, 8000-ல் கொஞ்சம் ஏறி வந்திருந்தது. உரத்த சத்தத்தால் வரும் பாதிப்பின் கையெழுத்தே அந்தப் பள்ளம்தானாம். பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸுக்குள் விழும். வழக்கமான சோதனையில் 2000-க்குப் பிறகு 4000, பிறகு 8000 என்று தாவிப் போவார்கள். இசை கேட்பவர்கள் 3000, 6000 இரண்டையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்வது நல்லது, பள்ளம் நடுவில் ஒளிந்திருக்கலாம். ஒரு காதில் மட்டும் இரைச்சலும் மந்தமும் இருந்ததால், கேட்பு நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று முடிவு வரும்வரை சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வரைபடத்தை என் பாஷையில் புரிந்துகொள்ள வீட்டுக்கு வந்ததும் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தை எடுத்தேன். 1959-ல் நியூயார்க்கில் இரண்டே பதிவு அமர்வுகளில் முடித்த ஆல்பம். முதல் பாட்டில் பியானோவும் பேஸும் தடவித் தடவி ஆரம்பித்து, தாளம் சேர்ந்து, ட்ரம்பெட் தனியாகக் கிளம்பும் அந்த நொடியில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பல் தட்டை ஒரு அடி அடிப்பார். அது சிதறி, நீண்டு, மெல்லக் கரையும். எத்தனையோ முறை கேட்ட அடி. ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் வலது காதில் வைத்துக் கேட்டேன், பழைய அடிதான். அதே பக்கத்தை இடது காதுக்கு மாற்றினேன். அடித்தது தெரிகிறது, ஆனால் சிதறல் இல்லை, பளபளப்பு இல்லை, யாரோ சிம்பலில் துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். வரைபடத்தைப் பார்த்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

அதற்கப்புறம் எடுத்த முடிவுதான் உண்மையான நஷ்டம். ஆளாளுக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று: இனி ஹெட்போனைத் தொடாதே, பாட்டே வேண்டாம், அமைதியாக இரு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆல்பங்களை ஏறக்கட்டினேன். வெளியே போனால் காதடைப்பான், வீட்டில் கதவு ஜன்னல் அடைப்பு. சில வாரங்களில் பாத்திரம் உரசும் சத்தமே ஊசி குத்துகிற மாதிரி ஆகிவிட்டது, இரைச்சலோ முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கேட்பியல் நிபுணரிடம் போய் நின்றபோது அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "யார் உங்களை அமைதியா இருக்கச் சொன்னது? உங்க காதுக்கு வேண்டியது மெல்லிய சத்தம். பாட்டு கேளுங்க, ஆனா குறைச்சு வெச்சுக் கேளுங்க" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஸ்டேஷன் சரியாக எடுக்காத ரேடியோவில் வால்யூமைக் கூட்டினால் பாட்டுக்குப் பதில் 'உஸ்' என்ற இரைச்சல்தானே கூடும்? காதிலிருந்து சில சுருதிகள் வராமல் போனதும் மூளை தன் குமிழைத் திருகிக் கூட்டுகிறது, அந்த உஸ்தான் நமக்குக் கேட்கிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் பலர் ஏற்றுக்கொண்ட விளக்கம். சுற்றி முழு அமைதி இருந்தால் மூளை இன்னும் கூட்டும். அதனால் ராத்திரியில் மழைச் சத்தமோ மின்விசிறியோ இசையோ ஏதாவது ஒன்று லேசாக ஓட வேண்டும். இரைச்சலை முழுதாக மூழ்கடிக்கும் அளவுக்கு வேண்டாம், அதற்குச் சற்றுக் கீழே, இரண்டும் சேர்ந்து கேட்கிற அளவில். அப்போதுதான் மூளை இரைச்சலை முக்கியமில்லாத சத்தம் என்று மெல்ல ஒதுக்கப் பழகும். நாட்கணக்கில் நடக்கிற காரியம் இல்லை, மாதங்கள் ஆகும். உரத்த இடத்தில் காதடைப்பான் அவசியம். சாதாரணச் சத்தத்துக்கெல்லாம் அடைத்துக்கொண்டால் காது இன்னும் கூச்சப்பட ஆரம்பித்துவிடும்.

குறைத்து வைத்துக் கேட்பது என்றால் எதைக் கேட்பது? என் பட்டியல் மாறிய இடம் இதுதான். முதலில் எடுத்தது பிரிட்டிஷ் இசைக் கலைஞர் பிரையன் ஈனோவின் 'டிஸ்க்ரீட் மியூசிக்', 1975. அந்த ஆல்பத்தின் பிறப்பே ஒரு படுக்கையில்தான். விபத்தில் அடிபட்டு நகர முடியாமல் படுத்திருந்த ஈனோவைப் பார்க்க வந்த தோழி, பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப் இசைத் தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார். சிரமப்பட்டு அதைப் போட்டுவிட்டு வந்து படுத்தால், வால்யூம் மிகக் குறைவு, ஒரு பக்க ஸ்பீக்கரும் வேலை செய்யவில்லை. எழுந்து போய்ச் சரிசெய்யத் தெம்பில்லை. அப்படியே கேட்டுக் கிடந்தபோது, மழைச் சத்தத்தோடும் அறையின் வெளிச்சத்தோடும் கலந்துபோகும் ஓர் இசை பிடிபட்டது என்று ஆல்பத்தின் உறையிலேயே எழுதியிருக்கிறார். கேட்கும் எல்லைக்கே கீழே நழுவிப் போகும் அளவுக்குக் குறைத்து வைத்துக் கேளுங்கள் என்பதும் அவர் யோசனைதான். ஒரு காது மந்தம், குறைந்த வால்யூம், படுக்கை: என் நிலைமைக்கென்றே செய்த மாதிரி இருந்தது. தலைப்புப் பாட்டு அரை மணி நேரம் ஓடும், முடிவதற்குள் தூங்கிவிடுவேன். முன்பு இதே ஆல்பத்தை உரக்க வைத்துக் கேட்டு, சலிப்பு என்று தள்ளியிருக்கிறேன்.

பகலுக்கு அமெரிக்கப் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் 'கோல்ன் கான்செர்ட்'. 1975 ஜனவரி 24 இரவு, ஜெர்மனியில் கோல்ன் நகர ஆபரா அரங்கில் வாசித்தது. கேட்ட பெரிய பியானோவுக்குப் பதில் பழுதான ஒரு சின்னப் பியானோ மேடையில் நின்றது. மேல் சுருதிகள் தகர ஒலி, கீழே முழக்கம் போதவில்லை, பெடலும் கோளாறு. வாசிக்கவே மறுத்தவர் கடைசியில் உட்கார்ந்து, அந்தப் பியானோவில் நன்றாக இருந்த நடுப்பகுதியிலேயே பெரும்பாலும் நின்று, இடது கையால் ஒரே சங்கதியை உருட்டி உருட்டி எழுப்பிக்கொண்டு போனார். தனிப் பியானோ ஆல்பங்களில் மிக அதிகம் விற்றவற்றில் ஒன்று அது. இந்தக் கதையை இசை கேட்பவர்கள் எல்லோரும் தன்னம்பிக்கைப் பேச்சுக்கு உதாரணமாகச் சொல்வார்கள், எனக்கு அதில் அலுப்புதான். எனக்கு வேண்டியது வேறு. உச்சத்தை விட்டுவிட்டு நடுவில் வாழும் இசை என்பதால், 4000 ஹெர்ட்ஸில் ஓட்டை விழுந்த காதுக்கு இதில் இழப்பு மிகக் குறைவு. முழு இசையும் எனக்குக் கிடைத்தது என்ற திருப்தியோடு கேட்டு முடித்த முதல் ஆல்பம் இது.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' பற்றிச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. 1986-ல் வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் ஜே.எஸ்.பாகுக்கும் காணிக்கையாக்கியது. வி.எஸ்.நரசிம்மனின் வயலினைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். குறைத்து வைத்துக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் வயலினுக்கு அடியில் ஓடும் மற்றத் தந்திகளின் போக்கு காதில் விழுந்தது. வால்யூம் அதிகமாக இருந்தால் முன்னால் நிற்கும் வாத்தியம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், பின்னால் நடப்பதை நாம் தேடுவதே இல்லை. ராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும் அப்படித்தான், மூச்சு குழலுக்குள் போகும் ஓசை உட்பட. ஆனால் 1967-ன் 'கால் ஆஃப் தி வேலி' எனக்கு இன்னும் கஷ்டம். அதிலும் சௌராசியா இருக்கிறார், பிரிஜ்பூஷண் காப்ராவின் கிட்டார் இருக்கிறது, ஆனால் சிவகுமார் சர்மாவின் சந்தூரில் சுத்தி தந்தியைத் தொடும் அந்தக் கணீர் இடது பக்கம் பாதிதான் வருகிறது. அந்த ஆல்பத்தை மட்டும் ஸ்பீக்கரில் போட்டு, வலது காதைத் திருப்பிக்கொண்டு கேட்கிறேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும்.

ஒரு காது மந்தமானவர்களுக்கு இன்னொரு உபாயம். அறுபதுகளில் ஸ்டீரியோ புதிது என்பதால் பல ஆல்பங்களில் வாத்தியங்களை அடியோடு இரண்டு பக்கமாகப் பிரித்துவிட்டார்கள். பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' 1965 ஸ்டீரியோ பதிப்பில் பெரும்பாலும் குரல் ஒரு பக்கம், வாத்தியங்கள் மறுபக்கம். ஹெட்போனில் அதைக் கேட்டால் எனக்குப் பாதி ஆல்பம் போயிற்று. போனில் அணுகல் வசதிகள் (அக்சஸிபிலிட்டி) அமைப்புக்குள் போனால் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கும், அதை இயக்கினால் இரண்டு பக்கமும் கலந்து இரு காதிலும் வரும். இடது வலது சமநிலையை நகர்த்தும் வசதியும் அங்கேயே இருக்கும். மந்தமான காதுக்குத்தான் கூட்ட வேண்டும் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள், ஏற்கெனவே அடிபட்ட காது அது.

குறைத்து வைத்தால் கேட்கவே முடியாத ஆல்பங்களும் உண்டு. தொண்ணூறுகளிலிருந்து சிடி-க்களில் சத்தத்தை ஏற்றுவதில் ஒரு போட்டியே நடந்தது. மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் நசுக்கிச் சமமாக்கி, எல்லாவற்றையும் உச்சியில் நிறுத்தும் வேலை. மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' 2008-ல் வந்தபோது ரசிகர்களே கொதித்தார்கள், அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் இவ்வளவு நசுங்காமல் கேட்டதுதான் காரணம். இப்படிப்பட்ட ஆல்பத்தில் காதுக்கு இளைப்பாற ஒரு நொடி கிடையாது. குறைத்து வைத்தால் மழுங்கல், கூட்டினால் களைப்பு. எனக்கு மிகப் பிடித்த பாட்டுகள் அதில் இருக்கின்றன, வருத்தத்தோடுதான் ஒதுக்கியிருக்கிறேன்.

இனி டெசிபல் கணக்கு. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம், 100 டெசிபலில் ஏறக்குறைய 20 நிமிடம். வாரத்துக்கு என்பதைக் கவனியுங்கள், ஒரு நாளுக்கு இல்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற அந்த ஒரே இரவில் பல மாதக் கணக்கைச் செலவழித்திருப்பேன். பயணத்தில் இயர்போனும் லேசுப்பட்டதில்லை. வண்டிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே குமிழ் மேலே போகிறது. வெளிச் சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனை ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். வெளியில் கேட்பவர்களுக்கு அது பாதுகாப்புச் சாதனம், குமிழைத் தாராளமாகக் கீழே இறக்கலாம். அமைதியான அறையில் அது தேவையில்லை. பல போன்களில் ஹெட்போன் ஒலிக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது, சிலவற்றில் வாராந்தரக் கணக்கே காட்டும். அதை ஒரு தடவை திறந்து பாருங்கள், கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். அளவு காட்டாத போனில் உச்ச வால்யூமில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

செக் நாட்டு இசையமைப்பாளர் ஸ்மெடனாவின் கதை தெரிந்தபோது எனக்கு ஏதோ துணை கிடைத்தது போலிருந்தது. 1874-ல் அவருக்குக் காது முற்றாகக் கேட்காமல் போனது. 1876-ல் 'என் வாழ்விலிருந்து' என்று நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசை எழுதினார். கடைசிப் பகுதி துள்ளலாக ஆட்டம் போட்டுக்கொண்டே போகும், சட்டென்று நிற்கும். கீழே தந்திகள் நடுங்க, முதல் வயலின் மிக உயரத்தில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தும். அது தன் காதில் கேட்ட இரைச்சல் என்று அவரே விளக்கியிருக்கிறார். முதல் தடவை கேட்டபோது அந்தச் சுரம் எங்கே முடிகிறது, என் கொய்ங் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் திகைத்துப் போனேன். அடிக்கடி கேட்கிற ஆல்பம் இல்லை. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு என் நிலைமையைப் புரியவைக்க மருத்துவ விளக்கங்களைவிட அந்தச் சில நொடிகளே உதவின.

இரைச்சல் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. இப்போது எழுதும்போதும் இருக்கிறது, அதைப் பற்றி எழுதுவதால்தான் கவனத்துக்கே வருகிறது. நல்ல நாட்களில் மாலைவரை ஞாபகமே இருக்காது. தூக்கம் கெட்டாலோ டென்ஷன் ஏறினாலோ திரும்பத் தலைகாட்டும். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கிறதா என்று செவிகொடுத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டது பெரிய விடுதலை. சிம்பல் அடி இடது காதில் பழையபடி சிதறப் போவதில்லை, அதற்குச் சிகிச்சை இல்லை. வருடம் ஒருமுறை ஆடியோகிராம் எடுத்துப் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இசைப் பிரியர்கள் காது நன்றாக இருக்கும்போதே ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் ஏதாவது ஆனால் எவ்வளவு போயிற்று என்று ஒப்பிட அடிப்படை இருக்கும்.

கச்சேரிக்கும் மறுபடி போகிறேன். இசைக் கலைஞர்கள் போடும் வகைக் காதடைப்பானை வாங்கிக்கொண்டேன். சாதாரண நுரை அடைப்பான் மேல் சுருதிகளை அதிகமாக விழுங்கிவிட்டுப் பாட்டை முழக்கமாக்கிவிடும். இது எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் 15, 20 டெசிபல் குறைக்கும், பாட்டின் உருவம் கெடாது. போட்ட முதல் சில நிமிடம் ஏதோ தள்ளி நிற்கிற மாதிரி இருக்கும், பிறகு பழகிவிடும். மேடை இசைக்குழுக்களில் பாதிப் பேர் காதில் ஏதாவது ஒன்றை மாட்டியிருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, ஓய்வெடுக்க அமைதியான இடம் வேண்டும், காதடைப்பான் கிடைக்க வேண்டும் என்று 2022-ல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு தரநிலை வெளியிட்டிருக்கிறது. எத்தனை அரங்குகள் கண்டுகொள்கின்றன என்பது அங்கே போனால் தெரியும். நிற்க நல்ல இடம் ஒலிப் பொறியாளரின் மேசைக்குப் பக்கம். அவர் தன் காதுக்குச் சரியாகத்தான் கலக்குகிறார் என்பதால் அரங்கத்திலேயே இசை மிகத் தெளிவாகக் கேட்கும் இடம் அது, ஸ்பீக்கர்களும் தூரத்தில் இருக்கும். அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, சீக்கிரம் போய் அந்த மேசையோரம் இடம் பிடிக்க வேண்டும்.